ஆள் மாற்றும் பந்தயம்

எங்கள் துடுப்புப்படகு கிளப்பில் படகுகள் மழையில் கிடக்கின்றன, நாற்காலிகள் கூரைக்குக் கீழே இருக்கின்றன. சும்மா நாற்காலிகள் இல்லை. வெள்ளைத் துணி போர்த்தி, முதுகில் ரிப்பன் முடிச்சுப் போட்ட நாற்காலிகள். மூன்று சீசனுக்கு முன்னால் அந்த இடத்தில் படகுகள் அடுக்கடுக்காகத் தாங்கிகளின் மேல் படுத்திருக்கும். இன்றைக்கு அதற்குப் பெயர் விழாக்கூடம். படகுகளை வெளியே தள்ளி, தார்ப்பாய் போட்டு, மேலே நாலு செங்கல்லையும் வைத்துவிட்டார்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஒரு படகுக்குள் எலி குட்டி போட்டது. அந்தப் படகுக்குள் கையை விட்டுக் கழுவியவள் நான், அந்த வாடை இன்னும் என் விரலில் இருக்கிறது போலத்தான் தோன்றுகிறது.

இதெல்லாம் புதுத் தலைவரின் கைங்கரியம். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர் என்பதால் அவருக்கு எங்களுக்குள் கோட்டு என்றுதான் பெயர். கோட்டு வந்த சீசனில் கூடம் வந்தது. அடுத்த சீசனில் கூடத்துக்குச் சமையலறை வந்தது. சமையலறையின் சாக்கடைக் குழாயை நேரே படகு இறக்கும் துறையில் கொண்டுவந்து விட்டார்கள். படகை இறக்க வெறுங்காலோடு நாங்கள் தண்ணீரில் நிற்கும்போது எண்ணெயும் வெங்காயத் தோலும் ஊறிப்போன சோறும் கெண்டைக்காலில் வந்து ஒட்டும். சொன்னால், "ஆறுன்னா எல்லாம் வரத்தான் செய்யும்மா" என்றார் கோட்டு. யார் வீட்டுப் பிள்ளைக்கோ பிறந்தநாள் வைத்தபோது துடுப்பால் கேக் வெட்டினார்கள். கேக் வெட்டிய துடுப்பைக் கழுவி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, மறுநாள் அது எறும்பு மொய்த்துக் கறுப்பாக நின்றது.

முதல் சீசனில் எங்கள் பெண்கள் படகு பந்தயத்தில் முதலாவதாக வந்தது. இரண்டாவது சீசனில் கடைசிக்கு முந்தி. அதையும் பெரிய பதாகை அடித்துக் கொண்டாடினோம், பதாகையில் கோட்டின் படம் படகைவிடப் பெரியதாக இருந்தது.

நான் காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவள். ஆள் குட்டை, தொண்டை பெரிது. படகில் சுக்கான் பிடிக்க இது இரண்டும் இருந்தால் போதும் என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் என் அண்ணி. அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவள் என்று சொன்னால் அண்ணனே சிரிப்பான். எங்கள் வீட்டில் எல்லோரையும் கட்டி மேய்ப்பது அவள்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நால்வர் படகில் முதல் சீசன் முழுக்க அவள் துடுப்புப் போட்டாள், நான் பின்முனையில் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து திசை திருப்பினேன். துடுப்புப் போடுகிறவர்களுக்குப் போகிற திசை தெரியாது, முதுகைக் காட்டித்தான் போவார்கள். முன்னால் இருப்பது சுக்கான்காரிக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஓர் அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாவது சீசனில் அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள், அக்குள் வரைக்கும் கத்தி போனது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் கிடந்தாள். நான்தான் தலை வாரிவிட்டேன், எங்கள் படகிலேயே துடுப்புப் போடும் நர்ஸ் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். டெப்போவில் அவளை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் சாமான்களுக்கான கவுண்டரில் உட்கார வைத்தார்கள். குடைகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் நடுவில் என் அண்ணி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"காயம் ஆறிடுச்சும்மா. பழைய பலம் வந்திடுச்சான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர். டெப்போ மேனேஜரும் நல்ல மனிதர். "எப்ப முடியும்னு தோணுதோ அப்ப வாங்க, வண்டியைத் தர்றேன்" என்றார். ஆக எல்லோரும் சேர்ந்து முடிவை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். டெப்போ முற்றத்தில் காலி வண்டியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே திருப்புனீங்க அண்ணி" என்றேன்.

"அது பூனை நடைடி. மூச்சு முட்ட முட்ட முழுசா இழுத்துப் பாக்கணும். அப்பத்தான் இந்தக் கையில என்ன இருக்கு, என்ன இல்லன்னு தெரியும்."

அதற்காகத்தான் இந்த சீசனில் படகுக்குத் திரும்பி வந்தாள். மாதக்கணக்கில் பயிற்சி செய்தாள். அக்குள் தழும்பு இழுத்துப் பிடிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். "பந்தயத்துக்கு என்னை எடுக்காட்டியும் பரவாயில்ல. ஆள் மாத்திப் பாப்பாங்கல்ல, அதுல தெரிஞ்சிடும். நல்லா வந்தா மறுநாளே வண்டியில ஏறிடுவேன்" என்றாள்.

ஆள் மாற்றிப் பார்ப்பது என்பது எங்கள் கிளப் வழக்கம். படகில் ஓர் இடம் இருக்கிறது, இரண்டு பேர் கேட்கிறார்கள் என்றால், யார் பலசாலி என்று வாயால் முடிவு செய்ய மாட்டோம். இரண்டு நால்வர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுவோம். பிறகு நடு ஆற்றிலேயே படகுகளை ஒட்டி நிறுத்தி, அந்த இரண்டு பேரை மட்டும் இடம் மாற்றி மறுபடி ஓட விடுவோம். மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள். யார் ஏறியதும் படகு வேகமாகப் போகிறதோ இடம் அவருக்கு. இதில் சிபாரிசு நடக்காது, அழுகை நடக்காது. தண்ணீர் சொல்லிவிடும். மற்றவர்கள் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதை யாரும் வாய்விட்டுக்கூடச் சொல்வதில்லை, சோற்றில் மண்ணைப் போடாதே என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா.

அண்ணியோடு இடத்துக்குப் போட்டி போட்டது கோட்டின் மருமகள். கெட்ட பெண் இல்லை. போன சீசனில்தான் துடுப்பைத் தொட்டாள், படகில் ஏறும்போதும் சென்ட் போட்டுக்கொண்டு வருவாள், ஆனால் சொன்னதைக் கேட்பாள்.

எங்கள் படகில் மற்ற மூன்று பேர்: என் முகத்துக்கு நேரே கணக்கு டீச்சர், அவளுக்குப் பின்னால் நர்ஸ், அதற்கும் பின்னால் பேங்க்கில் வேலை பார்க்கிறவள். கடைசி இடத்தில் அண்ணி. ஆள் மாற்றும் ஓட்டத்தில் சுக்கான்காரி வாயைத் திறக்கக் கூடாது, யாரையும் உசுப்பிவிடக் கூடாது என்பது விதி. என்னைப் போன்றவளுக்கு அது பெரிய தண்டனை. கோட்டு மாடியில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். கொடி இறங்கியது.

துடுப்பு தண்ணீரை விட்டு எழும்போது அந்த இடத்தில் ஒரு சுழி விழும். நன்றாக இழுத்திருந்தால் சுழி கறுப்பாக, ஆழமாக, கிண்ணம் மாதிரி குழிந்து சுற்றிக்கொண்டே என்னைக் கடந்து போகும். ஒப்புக்கு இழுத்திருந்தால் நுரைதான் மிஞ்சும். படகின் இரண்டு பக்கமும் அந்தச் சுழிகள் வரிசையாக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்தச் சுழி யாருடையது என்று எனக்குத் தெரியும், மண்டியில் எந்த மூட்டை யாருடையது என்று தெரிகிற மாதிரி.

அண்ணியின் சுழி கறுப்பாக வந்தது. அதே பழைய சுழி. எனக்கு மயிர் கூச்செறிந்தது. மற்ற மூன்று இடத்திலும் நுரை.

முதலில் நம்பவில்லை. நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்திருந்தாள், கழுத்து நரம்பு புடைத்திருந்தது, பிரசவ வலி மாதிரி முனகல் வேறு. உடம்பு முன்னும் பின்னும் அழகாகப் போய் வந்தது. துடுப்பில் மட்டும் ஒன்றுமே இல்லை. தண்ணீரைத் தடவிக்கொடுத்தாள். பின்னால் நர்ஸும் அப்படியே, பேங்க்காரியும் அப்படியே. மூன்று உடம்பும் உயிரைக் கொடுத்து உழைக்கிற மாதிரி அசைய, அதற்குப் பின்னால் ஒருத்தி நிஜமாகவே உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துடுப்புக்காரி தண்ணீரைப் பார்க்கக் கூடாது, முன்னால் இருக்கிறவள் முதுகைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். என் அண்ணி விதி மாறாமல் அந்த முதுகையே நம்பி இழுத்தாள். பக்கத்துப் படகு எங்களைத் தாண்டிப் போனது.

நடு ஆற்றில் படகுகளை ஒட்டி நிறுத்தினோம். அண்ணி அந்தப் படகுக்குத் தவழ்ந்து போனாள், மூச்சு வாங்கியதில் அவளால் பேச முடியவில்லை. மருமகள் இந்தப் பக்கம் வந்தாள். மறுபடி கொடி இறங்கியது. அந்த மூன்று இடத்திலும் கறுப்புச் சுழிகள் கிளம்பின. பிசாசு பிடித்த மாதிரி இழுத்தார்கள். மருமகள் தன் பங்குக்குத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தாள், படகு பறந்தது.

கரைக்கு வந்ததும் அந்த மூன்று பேரும் அண்ணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் அழுதாள். "பரவாயில்லக்கா, நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்றாள் பேங்க்காரி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதைக் கதையில்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தார்ப்பாய்க்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அண்ணி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவங்க மூணு பேரும் இழுக்கல அண்ணி, உங்க சுழி மட்டும்தான் விழுந்துச்சு, நான் பார்த்தேன் என்றேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"சரி" என்றாள்.

"என்ன சரி? நம்பலயா?"

"மருந்து ஏத்துன நாள்ல தலை வாரிவிடுறப்ப முடி கொட்டவே இல்லன்னு சொன்னவதானே நீ? கொத்துக் கொத்தா எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள மறைச்சுக்கிட்ட. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவள் நீட்டிய தட்டை வாங்கித் துடைத்தேன்.

"நல்லதுக்குத்தான் சொல்ற, தெரியும். விடு. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன், கவுண்டர்லயே இருந்துக்கிறேன்னு."

மறுநாள் சொல்லியும் விட்டாள்.

அந்த வாரமே உடை மாற்றும் அறையில் அந்த மூன்று பேரையும் மடக்கினேன். கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். பேங்க்காரி ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். நர்ஸ் சுவரைப் பார்த்தாள். டீச்சர்தான் வாயைத் திறந்தாள், அதுவும் வகுப்பெடுக்கிற குரலில்.

"மருமகள் படகுல இருந்தா அடுத்த சீசன்ல படகெல்லாம் திரும்ப உள்ள வரும். கோட்டு வாக்குக் குடுத்திருக்காரு. எலி மேயற படகுல எத்தனை நாளைக்கு ஓட்டுறது? எல்லாருக்கும் நல்லதைத்தானே பாக்கணும்?"

"அதுக்கு என் அண்ணிதான் கெடைச்சாங்களா?"

"அவங்க உடம்புக்கும் இது நல்லதுதான். இத்தனை பெரிய வியாதி வந்தவங்க ஆத்துல வந்து இப்படி வருத்திக்கணுமா? நாம சொன்னா கேக்க மாட்டாங்க. அவங்களா ஒதுங்கிட்டா கௌரவமா இருக்கும்."

"அப்ப இதை அவங்ககிட்டயே வந்து சொல்லுங்க. நீங்க தோக்கல, நாங்கதான் இழுக்கலன்னு ஒரு வார்த்தை."

டீச்சர் சிரித்தாள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உன் அண்ணிக்காக நீ பேசுற, பேசத்தான் செய்வ. யாரு நம்புவா?"

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சொன்னது உண்மை. நான் சொல்லி அண்ணியே நம்பவில்லை, ஊர் எப்படி நம்பும்? இவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் என் அண்ணி நம்புவாள், இவர்கள் வாயோ தைத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் சீசன் விருந்து. ரிப்பன் நாற்காலிகள், ஐஸ்கிரீம், பாட்டு எல்லாம் உண்டு. போக மாட்டேன் என்றேன். "போகலன்னா தோத்ததுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டான்னு பேசுவாங்க" என்று அண்ணி என்னையும் கிளப்பினாள். இருக்கிற சேலையில் நல்லதைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டுக்கு நடுவில் கோட்டு மைக்கைப் பிடித்தார். போன சீசன், இந்த சீசன், அடுத்த சீசன் என்று முக்கால நடப்பும் சொன்னார். பிறகு, "நோயை வென்ற நம்ம வீராங்கனை, தோல்வியையும் சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டாங்க" என்று அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டார். ஒரு கண்ணாடிக் கேடயம். அதை எடுத்துக் கொடுக்க டீச்சரை அழைத்தார். டீச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேடயத்தை நீட்டினாள். கூடம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. ஆடு நனைகிறது என்று ஓநாய்கள் கூட்டம் போட்டு அழுதன. என் அண்ணி அதை வாங்கக் கையை நீட்டினாள், நீட்டும்போது இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அந்தக் கை மறைந்ததைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு மைக் எதற்கு, முழு மண்டிக்கும் கேட்கிற தொண்டை இது.

"அண்ணி தோக்கல! இவங்க மூணு பேரும் வேணும்னே இழுக்கல. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க, அண்ணி முகத்தைப் பாத்து!"

கைதட்டல் நின்றது. ஸ்பூன் விழுந்த சத்தம் கேட்டது. "குடும்பப் பாசம், புரியுது" என்று கோட்டு சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நான் நர்ஸின் மேஜைக்குப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"நீதானே கட்டு மாத்துன. அந்தப் புண்ணைத் தொட்ட கைதானே இது. சொல்லு."

நர்ஸ் தலையைக் குனிந்தாள். தட்டில் ஐஸ்கிரீம் உருகி ஓடியது. "ஆமா" என்றாள் முதலில் மெதுவாக. பிறகு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தே சொன்னாள். "ஆமாக்கா. நாங்க இழுக்கல. மூணு பேரும் முன்னாடியே பேசி வெச்சிக்கிட்டோம். மன்னிச்சிடுங்கக்கா."

மருமகள் எழுந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. "ஐயோ, எனக்கு அப்படி ஒரு இடம் வேணாம். மாமா, மறுபடியும் ஆள் மாத்திப் பாக்கலாம். நாளைக்கே வைங்க" என்றாள். அந்தக் கூடத்தில் அன்றைக்கு வெட்கப்பட்ட ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

கோட்டு ஒரு நொடி திகைத்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "அருமையான யோசனை! அதையே ஒரு விழாவா நடத்துவோம். வீராங்கனையின் மறுபந்தயம். பெரிய பதாகை வெச்சு, எல்லாரையும் கூப்பிட்டு..." என்று அங்கேயே திட்டம் போட ஆரம்பித்தார். மேஜைகளில் மறுபடி கைதட்டல். கொஞ்ச நேரத்துக்கு முன் எதற்குத் தட்டினார்களோ அதற்கு நேர் எதிரானதற்கு, அதே கைகள், அதே உற்சாகம். சீ என்று வந்தது.

அண்ணி கேடயத்தை மைக் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். "வா போகலாம்" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "இப்ப நம்புறீங்கல்ல? அவங்க வாயாலயே வந்திடுச்சு. நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட போயி, கவுண்டர் வேணாம், வண்டியக் குடுங்கன்னு கேளுங்க."

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். "என்னடி தெரிஞ்சுது இப்ப? அவங்க இழுக்கலன்னு தெரிஞ்சுது. நான் இழுத்தேனா?"

"இழுத்தீங்க அண்ணி. நான் பாத்தேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் ஜாக்கெட்டுக்குள் மறைத்த முடி இருந்தது.

"அப்ப அந்த மறுபந்தயத்துல ஓட்டிப் பாருங்க. இந்தத் தடவை ஒழுங்கா இழுப்பாங்க. ஊரே பாக்கும்."

"எப்படி ஒழுங்கா இழுப்பாங்க? போன தடவை நான் தோக்கணும்னு இழுத்தாங்க, இந்தத் தடவை நான் ஜெயிக்கணும்னு இழுப்பாங்க. பாவம் பாத்து, பயந்து, நரம்பு அந்துபோற மாதிரி இழுப்பாங்க. ஜெயிப்பேன். இதுல என் கை எங்கடி இருக்கு?"

நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் புரிந்தது. அவர்கள் திருடியது படகில் ஒரு இடத்தை இல்லை. இனி எந்தப் படகில் ஏறினாலும் அவளுக்குக் கிடைக்காத ஒன்றைத் திருடியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டதால் அது திரும்பி வராது, விழா எடுத்தாலும் வராது.

பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அண்ணியோடு வேலை பார்த்தவர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னக்கா, எப்ப வண்டிக்கு வர்றீங்க?" என்று கேட்டார். அண்ணி அவருக்குக் கையை ஆட்டினாள். நாங்கள் ஏறவில்லை, அவர் கிளம்பிப் போனார்.

"ஒரு தடவை வண்டிய ஓட்டித்தான் பாருங்களேன் அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி கேட்டது.

"வண்டிய ஓட்டியே பாத்துக்கலாம்னா நான் எதுக்குடி படகுக்கு வந்தேன்?" என்றாள் அண்ணி. "அங்கதான் நான் தோத்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. வண்டியில பின்னாடி ஜனங்க உக்காந்திருப்பாங்க."